மூன்று பாய்மரம்தான் வேண்டும் என்றேன்

சிக்குன்குனியா வந்து போனவர்களிடம் கேட்டால் காய்ச்சலைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். காய்ச்சல் சில நாளில் இறங்கிவிடும். அதன் பிறகு மூட்டுகளில் வந்து குடியிருக்கும் வலியைப் பற்றித்தான் சொல்வார்கள். எனக்கு அது விரல்களில் குடியேறியது. வலது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காலையில் மடங்காது, கஷ்டப்பட்டு மடக்கினால் நிமிராது. தேங்காய் துருவ முடியாமல் போனால் கணவர் துருவிக் கொடுப்பார். ஆனால் நான் பல் மருத்துவர். திருவனந்தபுரம் கிழக்கேகோட்டையில் ஒரு கட்டடத்தின் மாடியில் சின்னதாக ஒரு கிளினிக். அந்த இரண்டு விரலை நம்பித்தான் இத்தனை வருஷம் வண்டி ஓடியது.

போன வருஷத்து மழையில் வந்த நோய் இந்த வருஷம் மழை தொடங்கியும் விடவில்லை. கிளினிக்கை எனக்குப் பதிலாக ஓர் இளைய பல் மருத்துவர் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் பிறந்து வளர்ந்த பெண், என்னை அக்கா என்று கூப்பிடுவாள். அவளுக்குக் கழக்கூட்டம் பக்கம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் திரும்பி வந்தால் அவள் அங்கே போவாள். நான் வரப்போவதில்லை என்றால் கிளினிக்கை அவளே எடுத்துக்கொள்வாள்.

"அக்கா, அவசரமே இல்ல. ஓணத்துக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டேள்னா அவாளுக்கு நான் பதில் சொல்லிடுவேன்" என்றாள் போனில். அவசரமே இல்லை என்று சொல்கிறவர்கள்தான் நம்மை அதிகம் அவசரப்படுத்துகிறார்கள்.

பிசியோதெரபி செய்கிற பெண், விரலுக்கு நுணுக்கமான வேலை ஏதாவது தினமும் கொடுக்கச் சொன்னாள். மணி கோக்கலாம், கம்பளி பின்னலாம் என்றாள். திருவனந்தபுரத்தில் கம்பளி பின்னி யாருக்குப் போடுவது? அந்த வாரம் போனில் எதையோ தேடப்போய், ஒருவர் மரத்தில் சின்னக் கப்பல் கட்டுகிற வீடியோ வந்து நின்றது. அவர் முன்னால் இருந்த தட்டைப் பார்த்தேன். ட்வீசர், சின்ன அரம், நூல் கனத்தில் ட்ரில், கிளிப். எல்லாம் என் தட்டில் இருக்கிற சாமான். எனக்கு இதுதான் சரி என்று அங்கேயே முடிவுசெய்துவிட்டேன்.

கப்பல் கிட் என்றால் ஒரு பெட்டி வரும். அதற்குள் அடிக்கட்டை, விலா எலும்பு மாதிரியான சட்டங்கள், சட்டங்களின் மேல் ஒட்ட வேண்டிய மெல்லிய மரப்பட்டைகள், கயிறு, படம். நாம்தான் வெட்டி, வளைத்து, ஒட்டிக் கப்பலாக்க வேண்டும். முதல்முறை செய்கிறவர்களுக்கு எல்லோரும் ஒரே புத்திமதி சொல்கிறார்கள்: சின்னப் படகாக வாங்கு, பாய்மரம் இல்லாமல் இருந்தால் நல்லது, அதிகம் போனால் ஒன்று. மூன்று பாய்மரமும் இரண்டு பக்கமும் பீரங்கியும் உள்ள போர்க்கப்பலைத் தொடாதே. பாதிப் பேர் அதைத்தான் வாங்குவார்களாம், வாங்கிப் பரணில் போடுவார்களாம்.

எனக்குக் கோபம் வந்தது. நான் முதல்முறைக்காரியா? அடுத்தவர் வாய்க்குள், எச்சில் ஊறிக்கொண்டே இருக்கிற இடத்தில், கடைவாய்ப் பல்லின் பின்பக்கத்தைக் கண்ணாடியில் இடவலம் மாற்றிப் பார்த்துக்கொண்டு ட்ரில் பிடித்தவள் நான். மரப்பட்டை ஒட்ட எனக்குப் பாலபாடமா? மூன்று பாய்மரம்தான் வேண்டும் என்றேன்.

கணவரும் அதையே சொன்னார், ஆனால் வேறு காரணத்துக்காக. அவருக்குச் சாலை பஜாரில் ஹார்டுவேர் கடை. நாகர்கோவிலில் இருந்து வந்து இரண்டு தலைமுறையாக ஆணியும் கீலும் விற்கிற குடும்பம். அந்தக் கடையில் நல்ல சரக்கு என்பதற்கு ஒரே இலக்கணம், கையில் தூக்கினால் கனக்க வேண்டும். தாழ்ப்பாள் ஆனாலும் குழாய் ஆனாலும் முதலில் உள்ளங்கையில் வைத்து ஒரு ஆட்டு ஆட்டிப் பார்ப்பார். எங்கள் கல்யாணத்துக்கு நகை எடுத்தபோதும் அப்படித்தான் ஆட்டிப் பார்த்தார்.

"படத்த எல்லாம் நம்பப்பிடாது. பெட்டி எத்தர கிலோ வரும்னு கேளு" என்றார்.

கொச்சியில் கிட் விற்கும் கடைக்காரரைப் போனில் பிடித்துக் கேட்டேன். மனிதர் என் கேள்வியையே திருப்பிக் கேட்டார். கப்பலின் நீளம் கேட்பார்கள், மரம் என்ன மரம் என்று கேட்பார்கள், எடை கேட்டு யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள். பிறகு, "ஆத்யமாயிட்டாணெங்கில் செறிய வள்ளம் மதி, மேடம்" என்றார். முதல் தடவையென்றால் சின்னப் படகே போதுமாம். அவரும் அந்தக் கட்சிதான். நான் விடாப்பிடியாக எடையைக் கேட்டேன். போர்க்கப்பல்தான் எல்லாவற்றிலும் கனம். கணவருக்குப் பரம திருப்தி, வாங்கிவிட்டோம்.

பெட்டி வந்ததும் கணவர் தூக்கி ஆட்டிப் பார்த்தார். திறந்தபோதுதான் தெரிந்தது, கனமெல்லாம் வார்த்த உலோகத்தில் செய்த பீரங்கிகளும், கப்பலை நிறுத்தி வைக்கிற கட்டைப் பீடமும். கப்பலாக வேண்டிய மரமெல்லாம் சேர்ந்தாலும் ஒரு முறம் கனம் வராது. கூடவே ஒரு தாளில், பொழுதுபோக்காகச் செய்தால் முடிக்க இரண்டு வருஷம்கூட ஆகலாம் என்று போட்டிருந்தது. அதைப் படித்ததும் எனக்கு மனசு லேசானது. ஏன் என்று அப்போது யோசிக்கவில்லை.

படங்களைச் சாப்பாட்டு மேஜையில் விரித்தேன். நாங்கள் சாப்பிடுவது வரவேற்பறைக்கு மாறியது. தினமும் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து எந்தக் கயிறு எங்கே போகிறது என்று பார்த்தேன். கிளினிக்கில் இருந்து போன் வந்தால், ஒரு கப்பல் கட்டிக்கொண்டிருக்கிறேன், விரலுக்கு நல்ல பயிற்சி என்று சொன்னேன். அவள் சந்தோஷப்பட்டாள். எப்போது முடியும் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒருநாள் மத்தியானம் கணவர் கடையிலிருந்து சாப்பிட வந்தவர், கையலம்பிவிட்டு மேஜைப் பக்கம் வந்து நின்றார். பெட்டிக்குள் கைவிட்டு ஒரு பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தார். ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. இன்னொன்றை எடுத்தார். அதுவும் அப்படியே.

"பெட்டி வந்து எவ்வளவு நாளாச்சு? ஒண்ணையாவது பிரிச்சியா?"

"படம் புரியணும்ல. புரிஞ்ச பெறகுதான் பிரிக்கணும்."

"படத்தப் பாத்துட்டே ஓணம் வந்திரும். அதுக்கப்பறமும் ரெண்டு வருசம் இருக்கு. கப்பல் முடியட்டும், கப்பல் முடியட்டும்னு சொல்லிட்டு இருக்கலாம். கை எப்பிடி இருக்குன்னு ஒருத்தருக்கும் பதில் சொல்லாண்டாம். அதுக்குத்தானே இத வாங்கினே?"

"கிலோ பாத்து வாங்கச் சொன்னது யாரு? நீங்கதானே?"

"நான் சொன்னது மடத்தனம். ஒத்துக்கிடுதேன். நீ வாங்கினது மடத்தனத்துல இல்ல, பயத்துல, கேட்டியா."

அன்று சாப்பாட்டைப் போட்டுவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். இருபது வருஷமாகத் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்க்கிற மனிதர், என்னையும் அப்படி ஆட்டிப் பார்த்துவிட்டார் என்று ஆத்திரமாக இருந்தது. அவர் சொன்னது சரி என்பது அதைவிட ஆத்திரமாக இருந்தது. சின்னப் படகு சீக்கிரம் முடிந்துவிடும். முடிந்தால் என் விரல் தேறியதா இல்லையா என்பது தெரிந்துவிடும். அது தெரிவதற்குத்தான் நான் பயந்தேன்.

பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும் வேலையைக் கணவரே எடுத்துக்கொண்டார். அவர் கடையில் கல்லாவுக்கு மேலே, விற்ற சரக்கைத் திரும்ப எடுப்பதில்லை என்று தமிழிலும் மலையாளத்திலும் எழுதி மாட்டியிருக்கிறது. கல்யாணமான நாளாக ஒரு கீலைக்கூட அவர் திரும்ப வாங்கி நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்டவர் கொச்சிக்காரரிடம், பொட்டலம் ஒன்றும் பிரிக்கவில்லை, புதுசு போலவே இருக்கிறது என்று குழைந்து குழைந்து பேசினார். பக்கத்து அறையில் இருந்து கேட்டுக்கொண்டிருந்த எனக்குக் கோபம் பாதி போய்விட்டது. கடைக்காரர் சம்மதித்து, அதற்குப் பதிலாக ஒரு துடுப்புப் படகு அனுப்பினார். பாய்மரம் கிடையாது. முழங்கை நீளம்தான் இருக்கும்.

அந்தப் பெட்டி வந்த அன்றே எல்லாப் பொட்டலத்தையும் பிரித்துப் போட்டேன்.

காலையில் வெந்நீரில் விரலை ஊறவைத்து, மடங்க ஆரம்பித்த பிறகு உட்காருவேன். அடிக்கட்டையும் சட்டங்களும் சுலபமாக நின்றன. பட்டைகள்தான் படுத்தின. படகின் முன்மூக்கில் அவை வளைய வேண்டும், வளைத்தால் முறியும். தண்ணீரில் ஊறவைத்து வளைத்துக் காயவிடு என்று தாளில் இருந்தது. எழுதியவர் நம் ஊர் மழைக்காலத்தைப் பார்த்திராதவர். இங்கே கைக்குட்டையே காய்வதில்லை. கடைசியில் புட்டுக்குழலை எடுத்தேன். அடுப்பில் புட்டுக்குடத்தில் தண்ணீர் கொதிக்கவைத்து, குழலுக்குள் பட்டையின் நுனியை மட்டும் நிறுத்தி ஆவி காட்டினால் அது சொன்னபடி வளைந்தது, சீக்கிரம் உலர்ந்தும் விட்டது. மறுநாள் புட்டில் மர வாசனை வருகிறது என்று கணவர் முகம் சுளித்தார். கடலைக்கறியை இன்னும் கொஞ்சம் ஊற்றினேன்.

படகின் உள்பக்கம், பின்கோடியில், ஒரு சின்னப் பட்டை ஒட்ட வேண்டியிருந்தது. நேராகப் பார்த்தால் தெரியாத இடம். கைப்பையில் இருந்து பல் பார்க்கிற கண்ணாடியை எடுத்தேன். கண்ணாடியில் பார்த்துக்கொண்டு ட்வீசரை உள்ளே விட்டேன். எதையும் யோசிக்காமல் கை தானாகவே இடவலம் மாற்றிப் போனது, ஒன்றையும் மறந்திருக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. பட்டையை இடத்தில் வைத்து அழுத்தும்போது, வலி என்றுகூடச் சொல்ல முடியாது, கட்டைவிரல் தானாகப் பிடியை விட்டது. ட்வீசர் நுனி பட்டையைக் கிழித்துக்கொண்டு போனது. இன்னொரு பட்டை எடுத்து ஒட்டினேன். வேறொரு நாள் வேறொரு இடத்தில் அதேபோல விட்டது. பிறகு இன்னொரு தரம்.

படகு முடிந்தது. நன்றாகவே வந்திருந்தது. கணவர் அதை உள்ளங்கையில் வைத்தார், ஆனால் ஆட்டிப் பார்க்கவில்லை. கடைக்கு எடுத்துப்போய்க் கல்லாப்பெட்டி மேல் வைத்து, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் என் வீட்டுக்காரி செய்தது என்று காட்டினார். ஓணத்துக்கு இன்னும் நாள் இருந்தது.

"திங்கக்கிழமயே கிளினிக்குக்குப் போயிரு. கையில ஒரு கொறையும் இல்ல" என்றார்.

"கை நடுவுல விட்டுருது."

"எங்க விட்டுச்சு? எனக்கு ஒண்ணும் தெரியலயே."

"உங்களுக்குத் தெரியாது. கிழிஞ்ச பட்டையைத் தூரப் போட்டுட்டு வேற ஒட்டினேன். பெட்டியில மிச்சப் பட்டை வச்சு அனுப்பியிருந்தான். பல்லுக்கு யாரு மிச்சம் வச்சு அனுப்புவா?"

அவர் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அவர் இருக்கும்போதே கிளினிக் பெண்ணைப் போனில் கூப்பிட்டேன். தள்ளிப்போட்டால் அடுத்து நான்கு பாய்மரத்தில் ஏதாவது வாங்கிவிடுவேன். ஆஸ்பத்திரிக்காரர்களிடம் வரவில்லை என்று சொல்லிவிடு, கிளினிக்கை நீயே எடுத்துக்கொள் என்றேன். அவள் வேண்டாம் அக்கா, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் அக்கா என்று அழ ஆரம்பித்தாள். நான் ஒரு மருத்துவராக அவளுக்கு விளக்கிச் சொன்னேன், குரல் பிசகவில்லை. ஒரு ஆசை மட்டும் மிச்சமிருந்தது, அதையும் கேட்டுவிட்டேன். ட்ரில் நீ பிடி, எப்போதாவது கஷ்டமான கேஸ் வந்தால் நான் பக்கத்தில் வந்து நின்று பார்க்கிறேன், சொல்லித்தர ஒன்றுமில்லை, சும்மா பார்க்கத்தான் என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்லத் தெரியாத பெண்.

"அது மட்டும் வேண்டாம் அக்கா. நீங்க நின்னு பாத்தேள்னா என் கை நடுங்கும்."

நான் சிரித்துவிட்டேன். நிஜமாகவே சிரிப்பு வந்தது. சரி என்று சொல்லிப் போனை வைத்த பிறகுதான் அழுகை வந்தது. கணவர் என் வலது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டார்.