கருகிய கிளட்ச் பிளேட்டுகள்

போர் நடந்த காலம். மனைவி கொழும்பில், கொட்டாஞ்சேனையில் படிப்பித்தாள். வெள்ளவத்தையிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் அவளை ஏற்றி இறக்குவது நான். கனடாவிலிருந்து அவளுடைய அக்கா அனுப்பிய குடியேற்ற விண்ணப்பப் படிவம் அலுமாரிக்கு மேல் கிடந்தது. "அடையாள அட்டை இருக்கு, வேலை இருக்கு, என்ன பயம்?" என்று நான் அடித்துச் சொன்ன பிறகு அவள் அந்தக் கதையை எடுப்பதில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எஞ்சின் கத்தியது, வண்டி நகரவில்லை. பக்கத்துக் கராஜுக்குத் தள்ளிக்கொண்டு போனோம். கிளட்ச் மாற்றி ஆறு மாதம்கூட ஆகவில்லை என்று எனக்கு எரிச்சல்.

மெக்கானிக் என்னைவிட இளையவர். கழற்றிய பிளேட்டுகளைப் பேப்பரில் பரப்பினார். கருகல் மணம் அடித்தது.

"இது தக்கை பிளேட், இது இரும்பு பிளேட். ஸ்பிரிங் ரெண்டையும் சேத்து அமத்தி வைச்சிருக்கும். அப்பதான் எஞ்சின் சுத்தேக்க பின்சில்லும் சுத்தும். கிளட்ச் லீவரை முழுசாப் பிடிச்சா ரெண்டும் விலகும். அரைவாசி பிடிச்சா உரஞ்சி உரஞ்சி எரியும். அண்ணை, ஓடேக்க லீவரில இருந்து விரலை எடுக்கிறேல்லையோ?"

"டிராபிக்தானே" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்கட தமிழ் ஆக்கள்ட பைக் எல்லாம் இப்பிடித்தான் வருது. செக்பொயின்ட்டுக்கு நூறு மீட்டர் முந்தியே லீவரைப் பிடிச்சிடுவினம்."

மனைவி ஒரு பிளேட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ஒருமுறை நான் தனியே போனபோது சோதனைச் சாவடியில் கை தவறி லீவரை விட்டுவிட்டேன். வண்டி ஒரு முழம் பாய்ந்தது; சிப்பாய் துப்பாக்கியை உயர்த்தினான். அதை வீட்டில் சொல்லவேயில்லை. அன்றிலிருந்து இரண்டு விரல்கள் லீவரை விட்டு எழுந்ததில்லை.

புதுப் பிளேட்டுகள் போட்டுத் திரும்பினோம். இந்த முறை பிடிப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டுதான் ஓட்டினேன். தூரத்தில் சோதனைச் சாவடியின் மணல் மூட்டைகள் தெரிந்ததுமே விரல்கள் தாமாக மடங்கின. அவள் அதைக் கவனித்துவிட்டாள்.

"பிடியுங்கோ, பரவாயில்லை" என்றாள். "நானும் ஒரு நாளும் சீட்டுக்குப் பின்னால இருக்கிற கம்பியை விட்டுட்டு இருந்ததில்லை."

வீட்டுக்கு வந்ததும் கதிரையைப் போட்டு ஏறிப் படிவத்தை எடுத்தேன். தூசியைத் தட்டி, "எனக்கும் பயம்தான்" என்று சொல்லி நீட்டினேன். அவள் வாங்கிய உள்ளங்கையில் கம்பி அழுத்திய கோடு இன்னும் சிவப்பாக இருந்தது.