தொண்ணூறு நிமிஷமும் நிக்கணும்

அந்தச் சட்டத்தைப் போட்டவனே நான்தான். அதை முதல்லயே சொல்லிடறேன். அப்புறம் யாராவது வந்து "இவன் பெரிய யோக்கியன் மாதிரி பேசறான்"னு சொல்லக்கூடாது பாருங்க.

ஓசூர்ல ஒரே கம்பெனி, ஒரே லைன்ல வேலை பார்க்கிற ஒம்போது பேரு நாங்க. பெங்களூர்ல ஃபுட்பால் மேட்ச்னா அஞ்சு பைக்ல கிளம்பிடுவோம். அத்திப்பள்ளி தாண்டி, எலெக்ட்ரானிக் சிட்டி பாலம் ஏறினா ஒன்றரை மணி நேரத்துல ஸ்டேடியம். மேற்குப் பக்க கேலரிதான் எங்க எடம். அங்க வரிசையா சேர் இருக்கும், ஆனா நாங்க உக்கார மாட்டோம். விசில் ஊதினா நிக்கணும். அடுத்த விசில் வரைக்கும் ட்ரம் அடிச்சு, தொண்டை கிழியக் கத்தணும். நடுவுல எவன் உக்கார்ந்தாலும் வெளிய போகணும், அடுத்த மேட்சுக்கு வரக்கூடாது. ரெண்டு வருஷம் முன்னாடி நான் சொன்னேன், மிச்ச எட்டுப் பேரும் கைதட்டி ஒத்துக்கிட்டாங்க.

சும்மா சொல்லிட்டு விடல. பெயிண்ட் ஷாப்ல இருந்து ஒருத்தன் பத்தாவது ஆளா ஒரு தடவை வந்தான். டபுள் ஷிஃப்ட் முடிச்சுட்டு தூங்காம வந்தவன், ரெண்டாவது பாதியில அப்படியே சேர்ல சரிஞ்சுட்டான். நான்தான் கையைத் தட்டி "எழுந்திரு! எழுந்திரு!"னு ஆரம்பிச்சேன். எல்லாரும் சேர்ந்துக்கிட்டாங்க. அவன் மூஞ்சி செவந்து போய் எழுந்து, கேட் பக்கம் போனான். திரும்பி வரவே இல்ல. பின் வரிசையில இருந்து "கூத்கொள்ரீ, கூத்கொள்ரீ"ன்னு கன்னடத்துல உக்காரச் சொல்றவங்களையும் நான் சும்மா விட்டதில்ல. "உக்கார்ந்து பார்க்கணும்னா வீட்ல டி.வி. இருக்குதில்ல, போய்யா"ம்பேன். எனக்கு வாய் நீளம். மூக்கு மேல கோபம். எங்க ஊரு கல்லாவியில எங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்குமே அப்படித்தான்.

இப்ப கால் விஷயத்துக்கு வர்றேன். எங்க லைன்ல பிரேக் பார்ட் பூட்டற வேலை. பெல்ட்டுல ஒண்ணு வரும், நாலு போல்ட்டு முடுக்கணும், தள்ளணும், அடுத்தது வந்துடும். எட்டு மணி நேரமும் நின்ன எடத்துலயேதான். ஆறு வருஷம் நின்னேன். இடது கெண்டைக்கால்ல நரம்பு சுருட்டிக்கிட்டு, புழு நெளியற மாதிரி பச்சையா வெளிய தள்ள ஆரம்பிச்சது. டாக்டர் பார்த்துட்டு, "நிக்கிற வேலையை விடுங்க, இல்லன்னா ஆபரேஷன் பண்ணுங்க"ன்னாரு. என்னமோ கடையில சட்டை மாத்திக்கச் சொல்ற மாதிரி சொன்னாரு. என் பொண்டாட்டி அத்திப்பள்ளியில கார்மென்ட்ஸ் கம்பெனியில தைக்கிறா. "நான் உக்கார்ந்தே இடுப்பு போச்சு, நீங்க நின்னே கால் போச்சு. நல்ல ஜோடி"ன்னு சிரிச்சா. அப்புறம் மருந்துக்கடைக்குப் போய், முட்டி வரைக்கும் இறுக்கிப் பிடிக்கிற சாக்ஸ் ஒண்ணு வாங்கிட்டு வந்தா. அதைப் போட்டு, மேல பேண்ட்டை இழுத்து விட்டுக்கிட்டு ஒரு வருஷம் ஓட்டினேன்.

அந்த நேரத்துலதான் பர்மனென்ட் பண்ற லிஸ்ட்டுல என் பேரு வந்தது. ஏழு வருஷம் கான்ட்ராக்ட்ல கெடந்தவனுக்கு அது என்னன்னு சொன்னாப் புரியாது. இன்னும் மூணு வாரத்துல மெடிக்கல். கண்ணு, காது, பி.பி. பார்ப்பாங்க. காலை யாரும் பார்க்க மாட்டாங்க, யாராவது போட்டுக் கொடுத்தாத்தான் பேண்ட்டைச் சுருட்டச் சொல்வாங்க. அதனால வாயை மூடிக்கிட்டு, பல்லைக் கடிச்சுக்கிட்டு மூணு வாரம் ஓட்டிட்டா போதும். இதைத் தவிர எனக்கு அப்ப வேற எந்த நெனப்பும் கெடையாது.

அப்புறம் எதுக்கு மேட்சுக்குப் போனேன்னு கேப்பீங்க. போகலன்னா ஏன் வரலன்னு கேப்பான். யாரு? எங்க லைன் லீடர். அவனும் எங்க ஒம்போது பேர்ல ஒருத்தன். சேலம் பக்கத்துக்காரன், டிப்ளமோ படிச்சவன், என்னைவிட ஆறு வயசு சின்னவன். லைனுக்குள்ள நான் அவனை சார்னு கூப்பிடணும். வெளிய வந்தா அவன் என்னை அண்ணான்னு கூப்பிடுவான், நான் டேய்னுதான் கூப்பிடுவேன். இந்தக் கணக்கு ரெண்டு பேருக்குமே உள்ளுக்குள்ள உறுத்தும். அதுவும் இல்லாம, எனக்கு மேட்ச் பிடிக்கும்ங்க. வாரம் பூரா எவனுக்கோ நிக்கிறேன், அந்த ரெண்டு மணி நேரம் எனக்குன்னு நிக்கிறேன். அதை விட்டுக் கொடுக்க மனசு வரல.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, சாயங்கால மேட்ச். இருபது நிமிஷம்கூட ஆகல, கெண்டைக்கால் உள்ள எரிய ஆரம்பிச்சுடுச்சு. ஒரு காலைத் தூக்கி இன்னொரு கால்ல தாங்கிப் பார்த்தேன். முன்னாடி சேர்ல முட்டியைச் சாய்ச்சுப் பார்த்தேன். ஒண்ணும் வேலைக்காகல. எங்களுக்குப் பின்னாடி அம்பது வயசு இருக்கும், ஒருத்தர் பொண்டாட்டியோட உக்கார்ந்திருந்தாரு. மேட்ச் ஆரம்பிச்சதுல இருந்து "கூத்கொள்ரீ"தான். எனக்கு அது நல்ல சாக்காப் போச்சு.

"டேய், பின்னாடி பெரியவங்களுக்கு மறைக்குதுடா. கொஞ்ச நேரம் உக்காருங்கடா"ன்னேன்.

எட்டுப் பேரும் ட்ரம்மை நிறுத்திட்டு என்னையே பார்த்தாங்க. லைன் லீடர் காதைக் குடைஞ்சுக்கிட்டு, "யாருண்ணா பேசறது? நீயா?"ன்னான்.

"நான்தான். அவங்களும் டிக்கெட் வாங்கிட்டுத்தானே வந்திருக்காங்க?"

"நின்னாத்தான்ணா சத்தம் வரும். உக்கார்ந்தா கல்யாண வீட்ல பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி ஆயிடும்னு சொன்னது யாரு? நீ போட்ட சட்டம்தானே?"

"போட்டவன் நானு, மாத்தறதும் நானே."

"நீ என்ன கவர்மென்ட்டா?"

எல்லாரும் சிரிச்சாங்க. எனக்குச் சுர்ருன்னு ஏறுச்சு. "உனக்கென்னடா, வாரம் பூரா கையில ரைட்டிங் பேடைப் புடிச்சுக்கிட்டு லைன்ல உலாத்தறவன். நிக்கிறது எப்படி இருக்கும்னு உனக்குத் தெரியுமா?"ன்னு கத்தினேன். அவன் மூஞ்சி மாறிடுச்சு. "லைனை ஏன்ணா இங்க இழுக்கற? உலாத்தறதுக்கா எனக்குச் சம்பளம்? டார்கெட் போகலன்னா மானேஜர்கிட்ட வாங்கிக் கட்டிக்கிறது நீயா, நானா?"ன்னான். எங்க பசங்க ரெண்டு பேரு நடுவுல வந்து விலக்கி விட்டாங்க.

யாருக்காக இவ்வளவு பேசினேனோ, அந்தப் பெரியவராவது நன்றியோட பார்ப்பாருன்னு திரும்பினேன். அவரு நல்ல தமிழ்லயே சொன்னாரு: "போன தடவை என் பொண்டாட்டி முன்னாடி வீட்ல டி.வி. பாருன்னு திட்டினது நீதானே? இன்னிக்கு என்ன புதுசா கரிசனம்?" அந்தம்மா என்னைப் பார்க்கக்கூட இல்ல. நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி இருந்தது.

இடைவேளையில எல்லாரும் உக்காரலாம், அதுக்குச் சட்டம் கெடையாது. உக்கார்ந்தேன். அப்பா, என்ன சொகம்! ஆனா ரெண்டாவது பாதிக்கு விசில் ஊதினப்ப கால் எழுந்துக்கல. மரக்கட்டை மாதிரி இறுகிப் போச்சு. எட்டுப் பேரும் எழுந்துட்டாங்க. நான் மட்டும் சேர்லயே கெடக்கறேன்.

"எழுந்திருண்ணா."

"நீ பாரு. நான் வர்றேன்."

"எழுந்திருண்ணா. அந்தப் பெயிண்ட் ஷாப் பையனுக்கு ஒரு நியாயம், உனக்கு ஒரு நியாயமா?"

சொல்லிட்டு லைன் லீடர் கையைத் தட்டினான். "எழுந்திரு! எழுந்திரு!" எட்டுப் பேரும் தட்டினாங்க. பக்கத்து வரிசைக்காரங்களுக்கு என்ன ஏதுன்னு தெரியாது. அவங்களும் ஜோரா கன்னடத்துல "எத்தேளு! எத்தேளு!"ன்னு சேர்ந்துக்கிட்டாங்க. நூறு பேரு, எரநூறு பேரு இருப்பாங்க, அத்தனை பேரும் என் ஒருத்தனைப் பார்த்துக் கைதட்டறாங்க. பின்னாடி இருந்த பெரியவரும் தட்டினாரு. நான் பார்த்தேன். சிரிச்சுக்கிட்டே தட்டினாரு.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. கோபத்துல வர்ற அழுகை. எட்டி அவன் ஜெர்சியைப் புடிச்சு இழுத்தேன். அவனும் என் கையைப் புடிச்சுக்கிட்டான். "ஒரு காரணம் சொல்லுண்ணா, தாராளமா உக்காரு. காரணம் இல்லன்னா சட்டப்படி வெளிய போ. கேட் அந்தப் பக்கம்"னான். கேட்டைக் கையால காட்டினான்.

காரணம் என்கிட்ட இருந்தது. மூணு வாரம் சொல்லாம இருக்க வேண்டிய காரணம். சாமி சத்தியமா, அந்த நேரத்துல பொண்டாட்டி, பர்மனென்ட், மெடிக்கல் எதுவுமே ஞாபகத்துக்கு வரல. பேண்ட்டை முட்டி வரைக்கும் சுருட்டினேன். சாக்ஸை உருவிக் கீழ எறிஞ்சேன். காலைத் தூக்கி முன்னாடி சேர் மேல வெச்சு, "பாருடா! நல்லாப் பாரு! போதுமா காரணம்?"னு கத்தினேன்.

கைதட்டல் எங்க பக்கத்துல நின்னு போச்சு. அதே நேரத்துல கோல் விழுந்திருக்கும் போல, ஸ்டேடியமே துள்ளிக் குதிச்சது. எங்க எட்டுப் பேரும் திரும்பிப் பார்க்கல. என் காலைத்தான் பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

"எத்தனை மாசமாண்ணா?"ன்னு லைன் லீடர் கேட்டான். லைன்ல பார்ட் ரிஜெக்ட் ஆனா கேக்கறானே, அதே குரல். அப்பத்தான் எனக்கு என்ன பண்ணித் தொலைச்சோம்னு ஒறைச்சது. சாக்ஸைப் பொறுக்கி மாட்டினேன். "வெளிய சொல்லிடாதடா. மூணு வாரம்டா"ன்னேன். கேட்டுப் பழக்கமில்லாத வாயால கெஞ்சிக் கேட்டேன். "ச்சீ, சொல்வேனாண்ணா?"ன்னான்.

அப்புறம் எட்டுப் பேரும் உக்கார்ந்துட்டாங்க. கத்தல் இல்ல, ட்ரம் இல்ல. அவங்க கைதட்டினது கூடப் பரவாயில்ல, இது தாங்கல. பின்னாடி இருந்தவரு குனிஞ்சு "தேங்க்ஸ்ப்பா, இப்ப நல்லா தெரியுது"ன்னாரு. அந்த ஆளு கழுத்தைப் புடிக்கணும் போல இருந்தது.

மறுநாள் காலையில ஃபர்ஸ்ட் ஷிஃப்ட். என் எடத்துல ஒரு ஸ்டூல் கெடக்குது. எங்க லைன்ல ஒருத்தருக்கும் ஸ்டூல் கெடையாது. லைன் லீடர்தான் எங்கிருந்தோ தூக்கிட்டு வந்திருக்கான். "மணிக்கு ரெண்டு நிமிஷம் உக்காருண்ணா, பெல்ட்டை நான் பார்த்துக்கிறேன்"னு காதுகிட்ட வந்து சொன்னான்.

"எடுத்துட்டுப் போங்க சார்"னேன்.

"ஐயோ, உன் நல்லதுக்குத்தான்ணா."

"எடுத்துட்டுப் போடான்னா!" காலால தள்ளி விட்டேன். அவன் திரும்பவும் எடுத்து நேரா வெச்சுட்டுப் போயிட்டான். மெனக்கெட்டு வெச்சான்ங்க. நான் உக்காரவே இல்ல. ஸ்டூல் மட்டும் லைனுக்கே தெரியற மாதிரி நின்னுக்கிட்டு இருந்தது. பத்து மணி ரவுண்டுக்கு வந்த மானேஜர் அதைப் பார்த்துட்டு நின்னாரு. "யாருக்கு இது?"ன்னு கேட்டாரு. லைன் லீடர் என்னை ஒரு தடவை பார்த்தான். "அவருக்குக் கால் முடியல சார்"னான்.

மெடிக்கல்ல கண்ணையும் பார்க்கல, காதையும் பார்க்கல. முதல்ல பேண்ட்டைச் சுருட்டச் சொன்னாங்க. லிஸ்ட்டுல என் எடத்துக்கு வேற ஒருத்தன் வந்துட்டான். அடுத்த மாசம் கான்ட்ராக்ட் முடிஞ்சது, புதுசாப் போடல.

நல்லதுக்குப் பண்ணானா, ஜெர்சியைப் புடிச்சதுக்குப் பழி வாங்கினானான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. என் பொண்டாட்டி, "பாவங்க, வெவரம் இல்லாமப் பண்ணிட்டான்"கிறா. எனக்கு அந்தச் சமாதானம் வேண்டாம். வேணும்னே பண்ணிருந்தான்னா எனக்கு நிம்மதியா இருக்கும், வயிறெரிஞ்சு திட்டிட்டுப் போயிடுவேன்.

ஒரு நாள் மத்தியானம் மூக்கண்டப்பள்ளியில எங்க வீட்டுக்கு வந்தான், மாடி ஏறி. கையில ஆப்பிள் கவர். கூடவே ஒரு டிக்கெட். "எதிர்ப்பக்கம் ஸ்டாண்ட்ணா, அங்க எல்லாரும் உக்கார்ந்துதான் பார்ப்பாங்க. நானும் உன்கூட உக்கார்ந்துக்கிறேன்"னான். என் பொண்டாட்டி அவசரமா நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க தம்பி, டீ வெக்கறேன்"னா.

"உக்காராத"ன்னேன்.

உக்காரப் போனவன் பாதியில நிமிர்ந்தான். "என் வீட்ல நீ உக்காரக் கூடாது. சொல்ல வந்ததை நின்னுக்கிட்டே சொல்லு." பொண்டாட்டி "என்னங்க இது?"ன்னு என் கையைப் புடிச்சா, உதறி விட்டேன். அவன் நின்னான். நானும் அவனுக்கு எதிர்ல நின்னேன். என்னென்னமோ சொன்னான். மன்னிச்சுடுன்னான், வேற கம்பெனியில பேசறேன்னான், மானேஜர் கேட்டப்ப வாயில வேற வார்த்தை வரலன்னான். கால் திகுதிகுன்னு எரியுது, வேர்வை முதுகுல வழியுது. அவன் என் மூஞ்சியைப் பார்த்துட்டு, "நீயாவது உக்காருண்ணா, ப்ளீஸ்"னு ரெண்டு தடவை கெஞ்சினான்.

டிக்கெட்டை நாற்காலி மேல வெச்சுட்டுக் கிளம்பினான். அவன் பைக் தெரு முனை திரும்பற வரைக்கும் நான் உக்காரல.