சத்தம் சாகும் திசை

ஹெட்போனை மாட்டினால் காது இரண்டும் வேர்த்துவிடும்... மண்டபம் ஊர்க் கடற்கரை வெயில் அப்படி. அந்தப் புழுக்கத்தில்தான் முதன்முதலாக அதைக் கேட்டேன். ரேடியோ செட்டின் அடிமட்டத்தில், யாரும் பேசாத அலைவரிசையில், தொண்டை கட்டியவன் முனகுவது போல ஒரு சத்தம். விட்டு விட்டு, மோர்ஸ் தந்தி மொழியில், அதே இரண்டு எழுத்து.

அப்போது எனக்கு ரயில்வேயில் புது வேலை. கூடவே, வீட்டிலிருந்தே ஊர் ஊராகப் பேசும் ஹாம் ரேடியோ பைத்தியம். அதே பைத்தியம் பிடித்த இன்னொருவன் திருப்பாலைக்குடியில் இருந்தான், செய்யது. நேரில் பார்த்ததைவிட ரேடியோவில் பேசியதுதான் அதிகம். அவனும் அதைக் கேட்டிருந்தான்.

"மச்சான், நீர்மூழ்கிக் கப்பலா இருக்குமோ?" என்றேன்.

"ஆமா, ஒன்னயத் தூக்கிட்டுப் போகத்தேன் வாரான்! போடா கூறுகெட்டவனே."

சிரித்தானே தவிர, அவனுக்கு அவசரம் இருந்தது. கடலுக்கு அந்தப் பக்கம் மன்னாரில் இருந்த கடையைப் பார்த்துக்கொள்ள அவன் வாப்பா அவனை அனுப்புகிறார். தனுஷ்கோடியிலிருந்து போகும் கப்பலுக்கு டிக்கெட்டும் வாங்கியாயிற்று. அங்கே ரேடியோவில் பேச அவனுக்கு லைசென்ஸ் கிடையாது, செட்டை இங்கேயே விட்டுவிட்டுப் போக வேண்டும்.

"போறதுக்குள்ள இது என்னன்னு தெரியணும் மாப்ள. இல்லன்னா அங்கன போயி எனக்குத் தூக்கமே வராது."

மரச்சட்டத்தில் செம்புக் கம்பி சுற்றி ஏரியல் செய்தோம். அதை மெல்லத் திருப்பிக்கொண்டே வர வேண்டும். சட்டத்தின் முகம் எந்தப் பக்கம் பார்க்கும்போது சத்தம் செத்துப்போகிறதோ, அந்தத் திசைதான் கணக்கு. ஒருவன் கோடு போட்டால் திசை மட்டும் தெரியும். இரண்டு ஊரிலிருந்து போட்ட கோடுகள் வெட்டிக்கொண்டால்தான் இடம் தெரியும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடித்து வந்து அவன் அங்கே திருப்பினான், நான் இங்கே. அவன் சொன்ன திசையையும் சேர்த்து மேப்பில் இரண்டு கோடு போட்டேன். இரண்டும் மன்னார்க் கரையில் போய் முட்டின!

"ஏலே! நான் போற ஊருடா!" என்று கத்தினான். "நேர்லயே போயிப் பாத்துட்டுச் சொல்றேன், இன்ஷா அல்லாஹ்."

போனான். பார்த்தான். எழுதினான்... "கப்பலுக்கு ரேடியோச் சத்தத்துல வழி காட்டுற கம்பம் மாப்ள. கம்பமும் ஒரு கொட்டகையும். இதுக்கா இம்புட்டுப் பாடுபட்டோம்?"

அப்புறமும் அந்தச் சத்தம் தினமும் வந்தது. கம்பம் முனகுவது கடல் தாண்டி வருகிறது, அதே ஊரில் இருப்பவன் குரல் வரவில்லை. என்ன கொடுமை பாருங்கள்! சில நாள் வேலை முடிந்து வந்து அதை மட்டும் கேட்டுவிட்டு செட்டை அணைத்திருக்கிறேன்.

போய்ப் பார்த்திருக்கலாம்... முதலில் லீவு இல்லை. அப்புறம் பாஸ்போர்ட். அப்புறம் பிள்ளைகள், அப்புறம் அங்கே உள்நாட்டுச் சண்டை, அப்புறம் என் முட்டி வலி. கடிதமும் நின்றுபோனது. அவன் மௌத்தாகி அடக்கமும் ஆன செய்தியே ரொம்ப நாள் கழித்து யாரோ சொல்லித்தான் தெரியும்.

இப்போது ஏரியலும் வேண்டாம், கோடும் வேண்டாம். போன வாரம் பேத்தியிடம் மன்னாரைக் காட்டச் சொன்னேன். போனில் விரலால் ஒரு இழுப்பு, வந்துவிட்டது.

"இம்புட்டுக் கிட்டயா தாத்தா? அப்புறம் ஏன் நீங்க போகவே இல்ல?"

"போயிருக்கணும் தாயி," என்றேன்.