பூங்காவுக்குப் போட்ட டிரங்க் கால்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் திருப்பூர் ராயபுரத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் வேன் ஓட்டினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அங்கே பனியன் மடிக்கும் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையடிவாரத்து அணைப் பூங்காவுக்குப் போனார். பொழுது சாயும் நேரத்தில் பேச்சு பரவியது. அந்தப் பக்கம் பேய்மழை, வெள்ளத்தில் ஒரு வேன் சிக்கிக்கொண்டதாம்.

முதலாளி வீட்டில்தான் டெலிபோன். நான் போனபோது அந்தப் பெண்களின் அம்மாக்கள் வாசலில் நின்றிருந்தார்கள். முதலாளி ஊரில் இல்லை. அவர் மனைவி எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, பூங்கா அலுவலகத்துக்கு வெளியூர் அழைப்பான டிரங்க் கால் பதிவு செய்தார். மணி அடித்ததும் ரிசீவரை என்னிடம் கொடுத்தார்.

"பூங்கா மூடியாச்சு. நாளைக்குக் கூப்பிடுங்க" என்றது ஓர் ஆண்குரல்.

"ஏனுங்க, திருப்பூர் வேன் ஒண்ணு அங்க வந்துச்சுங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"வர்ற வண்டியை எல்லாம் எண்ணிக்கிட்டா இருக்கேன்?" வைத்துவிட்டார்.

மறுபடி பதிவு செய்தோம். இந்த முறை "இருங்க, பாக்கறேன்" என்றவர் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டுப் போனார். ரேடியோ பாடியது. யாரோ சிரித்தார்கள். தகரக் கூரையில் மழை விழுந்தது. அவர் திரும்பவே இல்லை. வைத்தால் மறுபடி லைன் கிடைக்காதோ என்று காதோடு அழுத்திப் பிடித்திருந்தேன்.

"என்னங்கறாங்க கண்ணு?" என்று ஓர் அம்மா கேட்டார். அந்த வேனின் பின்கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. அதுவே மனதில் சுற்றியது.

திடீரென்று எக்ஸ்சேஞ்சுப் பெண் குறுக்கிட்டாள். "அம்மா, அந்த லைனை விட்டுருங்க. உங்க நம்பருக்கு அணைக்குப் பக்கத்துல கொமரலிங்கத்துல இருந்து ஒரு கால் ரொம்ப நேரமாக் காத்திருக்குதுங்க."

கெட்ட சேதி சொல்லத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"ஏம்புள்ள, நீயா?" என் வீட்டுக்காரர் குரல். "மழை புடிச்சதும் மத்தியானமே பார்க்குல எங்களை வெளிய அனுப்பிட்டாங்க. வழியில ரோட்டு மேல தண்ணி. இங்க ஒரு அரிசி மில்லுல எல்லாரும் நல்லா இருக்கறோம். எத்தனை வாட்டி கூப்பிடறது, லைனே கெடைக்கல."

வாசலைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினேன். அதைத் தப்பாகப் புரிந்துகொண்டு ஓர் அம்மா தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினார். முதலாளி மனைவி ரிசீவரை வாங்கிக் கேட்டு, எல்லோரும் நலம் என்று உரக்கச் சொன்னார். ஆனாலும் மறுநாள் காலை வேன் வந்து நிற்கும்வரை எங்களில் யாருக்கும் அதில் முழு நம்பிக்கை வரவில்லை.