சலீம் பாய்க்கு நான் கொடுத்த பசி மாத்திரை

பாபநாசம் பஸ் ஸ்டாண்ட் பக்கம் மருந்துக்கடை வைத்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். மாயவரத்தில் ஒரு மெடிக்கலில் அட்டைப்பெட்டி பிரிக்கப் போனவன், பெட்டி மேலிருந்த எழுத்தைப் பார்த்துப் பார்த்தே மருந்துகளைக் கற்றுக்கொண்டேன். லைசென்ஸ் பார்மசி படித்த மருமகள் பெயரில். கவுண்டரில் நிற்பது நான். ஆள் நடந்து வருகிற நடையை வைத்தே வியாதி சொல்வேன். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. செட்

நடவு முடிந்து இடுப்பைப் பிடித்தபடி வரும் பெண்கள் டாக்டர் சீட்டு கொண்டுவர மாட்டார்கள். "அண்ணே, ஒரு செட் குடுங்க" என்பார்கள். வலிக்கு ஒன்று, கேஸுக்கு ஒன்று, கூடவே சின்னதாக ஒரு வெள்ளை மாத்திரை. தாளில் மடித்துக் கொடுப்பேன். அந்த வெள்ளைதான் ஸ்டீராய்டு. மறுநாளே வலி போகும், பசி எடுக்கும். திருப்பனந்தாளிலிருந்துகூட என் செட்டுக்கு ஆள் வரும்.

2. டாக்டரம்மா கேட்ட கேள்வி

பக்கத்துப் பாத்திரக்கடை சலீம் பாய்க்கு நுரையீரலில் கேன்சர். கண்டுபிடித்தபோதே முதுகெலும்புக்கும் ஈரலுக்கும் பரவியிருந்தது. மகன் துபாயில். தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்கு என் காரில் நான்தான் கூட்டிப்போனேன்.

டாக்டரம்மா சின்ன வயசு. பொறுமையாகச் சொன்னார். "முதுகுல இருக்கிற கட்டிக்கு ரேடியேஷன் வைப்போம். கட்டி உடையும்போது உடம்போட எதிர்ப்பு சக்தி அதை அடையாளம் கண்டுக்கலாம். இம்யூனோதெரபி மருந்து அந்த சக்தியைப் பிடிச்சிருக்கிற பிரேக்கை எடுத்துவிடும். அப்போ ஈரல்ல இருக்கிறதையும் அதுவே தேடிப் போய் அடிக்க வாய்ப்பிருக்கு. எல்லாருக்கும் கேக்காது. வேற ஏதாவது மருந்து சாப்பிடுறாரா?"

பாய் வாய் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் நம்ம கண்ட்ரோல்தான்."

சாப்பாடே இறங்கவில்லை என்று பாய் சொன்னதால், அதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே தினமும் வெள்ளை மாத்திரை கொடுத்துவந்தேன். பொய் சொல்கிறோம் என்று எனக்குத் தோன்றவில்லை. செட்டை எங்கள் ஊரில் யாரும் மருந்து என்று நினைப்பதில்லை. நானே நினைக்கவில்லை.

3. கன்னம்

ரேடியேஷன் முடிந்தது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை அந்த இம்யூனோதெரபி மருந்து டிரிப்பில் ஏறியது. பாய் மீன் குழம்பு ஊற்றி இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டார். கன்னம் உப்பியது. "பாய் தேறிட்டாரே" என்று தெருவே சொன்னது. "யார் கை மருந்து?" என்று நான் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

மூன்றாம் மாத ஸ்கேனில் ஈரல் முழுக்கப் புள்ளிகள்.

டாக்டரம்மா ஸ்கேனை விட்டுவிட்டுப் பாயின் முகத்தைப் பார்த்தார். "முகம் ஏன் இப்படி உப்பியிருக்கு?"

பாய் சிரித்துக்கொண்டே சட்டைப்பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "மருந்தெல்லாம் இல்லைங்கம்மா. அண்ணன் குடுக்கிற பசி மாத்திரை."

டாக்டரம்மா தாளைப் பிரித்துப் பார்த்தார். பாயை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு என்னிடம் பேசினார். "நாங்க எழுப்பிவிடப் பாக்குற சக்தியை இது தூங்க வைக்குங்க. தேவைன்னா இதை நாங்களே குடுப்போம். ஆனா தெரிஞ்சு குடுப்போம்."

"இதனாலதான் பரவிச்சாம்மா?"

"தெரியாது. இது இல்லாமலும் கேக்காம போயிருக்கலாம். இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

திடீரென்று நிறுத்தினால் ஆபத்து, படிப்படியாகக் குறைக்கணும் என்று எழுதிக் கொடுத்தார். மாத்திரையைப் பாதியாகவும் காலாகவும் வெட்டி மடித்ததும் என் கைதான். வெட்ட வெட்டப் பாயின் பசி போனது. கடைசி வாரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, அந்த வெள்ளை மாத்திரையைக் குடுங்கண்ணே. எனக்குக் கேட்டது அது ஒண்ணுதான்" என்றார்.

4. இப்போது

யார் வந்தாலும் ஆஸ்பத்திரி ஃபைலைக் கேட்ட பிறகுதான் மருந்தைத் தொடுகிறேன். செட் கொடுப்பதை நிறுத்திவிட்டேன். பெண்கள் முணுமுணுத்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகிறார்கள். அங்கே கிடைக்கிறது.

"என்ன மருந்து சாப்பிடுறீங்க" என்று கேட்காதீர்கள். "தாள்ல மடிச்சு யார் என்ன குடுத்தாங்க" என்று கேளுங்கள். நான் கற்றது இவ்வளவுதான்.

பாயின் மனைவி ஜமீலா இன்றும் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறார்: "அண்ணன் குடுத்த மாத்திரையாலதான் அவர் ரெண்டு மூணு மாசமாவது வயிறாரச் சாப்பிட்டாரு." உடம்பு சரியில்லாதவர்களை என் கடைக்கு அனுப்பியும் வைக்கிறார். அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.