பொட்டு வைத்த கை

என் கணவரின் அலுவலகப் பையில், சாப்பாட்டு டப்பா வைக்கும் அறையின் உள்மூடியில், ஏழு ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருக்கின்றன. அரக்கு நிறம், நான் வைத்துக்கொள்வதைவிட ஒரு சுற்றுப் பெரியவை. ஒன்றின் கீழ் ஒன்றாக, கோணல்மாணலாக, இடது கையால் ஒட்டியவை என்று பார்த்ததும் தெரியும். பையைத் துவைக்கும்போதெல்லாம் அந்த மூடியை மட்டும் நனையாமல் பிடித்துக்கொள்கிறேன்.

அவருடைய வலது கையில் வலி தொடங்கியபோது எங்கள் மகளுக்கு ஒன்றரை வயது. கழுத்துப் பிடிப்பு என்றுதான் முதலில் நினைத்தோம். பைக் ஓட்டுவதால் இருக்கும், தலையணை சரியில்லை என்று நானே காரணங்கள் சொன்னேன். அந்த மாதங்களை வீணாக்கிவிட்டேனோ என்ற கேள்வி இன்னும் என்னை விட்டபாடில்லை. நரம்பு பாதிக்கப்பட்டிருக்கிறது, அதனால் தசை கரைகிறது என்று மருத்துவர் சொன்னபோது, கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சின்னதாகக் குழி விழுந்திருந்தது. முழுவதும் சரியாகிவிடும் என்று மருத்துவர் சொல்லவில்லை. இதற்குமேல் மோசமாகாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். தசை கரைவது கண்ணுக்குத் தெரிந்தது. வலி தெரியவில்லை. ஃபேன் காற்று பட்டால்கூட மிளகாய் அரைத்த கைபோல எரிகிறது என்பார். துணி உரசக்கூடாது என்று சட்டைக் கையை முழங்கைக்குமேல் மடித்தே வைத்திருப்பார். பைக்கை நிறுத்திவிட்டு ஷேர் ஆட்டோவிலும் ரயிலிலும் வேலைக்குப் போகத் தொடங்கினார்.

பொத்தான் போட்டுவிடுவது, நகம் வெட்டிவிடுவது, சோற்றைப் பிசைந்து ஸ்பூனோடு வைப்பது எல்லாம் மெல்ல என் வேலைகளாயின. மாத்திரை அட்டையோடு அவர் மல்லுக்கட்டும்போது மனதுக்குள் பத்துவரை எண்ணிவிட்டுத்தான் கிட்டப் போவேன். ஏழிலேயே போய்விட்ட நாட்களில், "நான் என்ன பாப்பாவா?" என்பார். பத்து எண்ணிக் காத்திருந்த நாட்களில் மாத்திரை தரையில் உருளும். எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது.

மகளை நினைத்துத்தான் அதிகம் பயந்தேன். மூன்று வயதில் அவளுக்கு அப்பா என்றால் தொங்கி விளையாடும் கை. ஒரு மாலை அவர் உள்ளே நுழைந்ததும் ஓடிப்போய் அந்த வலது கையைப் பிடித்து இழுத்தாள். அவர் கத்திய கத்தலில் சுவரோரம் போய் நின்றுவிட்டாள். அழக்கூட இல்லை. இடது, வலது தெரியாத குழந்தைக்கு எந்தக் கை என்று எப்படிச் சொல்வது? யாரோ கொலுவுக்குக் கொடுத்த தாம்பூலப் பையில் வந்த பெரிய பொட்டு அட்டை ஒன்று பயன்படாமல் கிடந்தது. மறுநாள் காலை அதிலிருந்து ஒன்றை எடுத்து, அதிகம் எரியாத இடமாகப் பார்த்து, அவருடைய வலது மணிக்கட்டில் ஒட்டினேன். "பொட்டு இருக்கற கைதான் உவ்வா கை. தொடவே கூடாது, சரியா?" மகள் தலையாட்டினாள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்க வரும் பிசியோதெரபி அக்கா பார்த்துவிட்டு, "இன்னா சார், கைக்குக் கல்யாணமா? சொல்லவே இல்ல!" என்று சிரித்தார். அவரும் சிரித்தார். எனக்கு என் யோசனையை நினைத்துப் பெருமையாகவே இருந்தது.

மகள் அதை நான் நினைத்ததைவிட நன்றாகக் கற்றுக்கொண்டாள். பொட்டு கைக்கு வைத்தது என்று அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவுக்கே வைத்தது என்று எடுத்துக்கொண்டாள். மடியில் உட்காருவது நின்றது. மாலையில் விளையாட்டுப் பள்ளியிலிருந்து அவளை அழைத்து வருபவர் அவர்தான். சேலையூரில் கேம்ப் ரோட்டைக் கடக்கும்போது அவர் இடது கையை நீட்டினாலும் அவள் தொடவில்லை. "சட்டை நுனியப் புடிச்சிக்கிட்டு வரா. நல்லாத்தான் பழக்கியிருக்க," என்றார் ஒருநாள். அதில் கோபம் இருந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஆனால் மறுநாளும் பொட்டை ஒட்டினேன். அந்தக் கத்தல் என் காதிலேயே இருந்தது.

சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, கேம்ப் ரோட்டு மருந்துக் கடையில் அவருடைய மாத்திரைகளை வாங்கிக்கொண்டு திரும்பியபோது எதிர்ப்பக்கம் இருவரும் நின்றிருந்தார்கள். பேருந்து போகக் காத்திருந்து சாலையில் இறங்கினார்கள். மகள் அவருடைய வலது கையின் இரண்டு விரல்களைப் பிடித்திருந்தாள். மணிக்கட்டில் பொட்டு இல்லை. அவர் உதட்டைக் கடித்திருந்தார். ஆனால் கையை இழுத்துக்கொள்ளவில்லை. கல்யாணமான புதிதில் தாம்பரம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தில், கூட்டத்தில் நான் தொலைந்துவிடுவேனோ என்பதுபோல என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தது இதே கைதான். கூப்பிடத் தோன்றாமல் அங்கேயே நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும், "பொட்டு எங்க?" என்று கேட்டேன். "வேர்வைல விழுந்திருக்கும்," என்றார் முகத்தைத் திருப்பிக்கொண்டு. வழக்கமாக டப்பாவைப் பையிலிருந்து அவரே எடுத்து வைத்துவிடுவார். அன்று நானே கழுவ எடுக்கும்போதுதான் பையின் அந்த மூடியைப் பார்த்தேன். ஏழு பொட்டுகள். ஏழு மாலைகள், பள்ளி வாசலுக்குப் போகுமுன் உரித்து ஒட்டியிருக்கிறார்.

அப்பா கையைப் பிடித்ததைப் பற்றி மகளிடம் மெதுவாகக் கேட்டேன். "அப்பா கை முட்டை மாதிரிம்மா," என்றாள். "அழுத்தினா ஒடஞ்சிடும்."

"அப்போ எதுக்குடி புடிக்கிற?"

"விட்டா கீழ விழுந்து ஒடஞ்சிடும்ல?" என்றாள், இதுகூடத் தெரியாதா என்பதுபோல.

மறுநாள் காலை பொத்தான்களைப் போட்டு முடித்ததும், அவர் வழக்கம்போல மணிக்கட்டை நீட்டினார். நான் அட்டையை எடுக்கவில்லை. "என்ன, ஸ்டாக் தீந்துடுச்சா?" என்றார். அந்தக் கையை ஒரு வருடமாக நான் சும்மா தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. நகம் வெட்டத் தொட்டேன், சோப்புப் போடத் தொட்டேன். என் பொட்டுக்கு மகளைவிட அதிகம் கட்டுப்பட்டது நான்தான். முட்டையை எடுப்பதுபோல இரண்டு விரல்களைப் பிடித்தேன்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றார். நான் விடப்போகும்போது, "இருக்கட்டும், புடிச்சுக்க," என்றார்.

பழக்கத்தில் மனது எண்ணத் தொடங்கியது. பத்தைத் தாண்டியும் பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றும் நான் பிடிப்பது அதிகமா குறைவா என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை. மகளுக்கு அந்தச் சந்தேகமே இல்லை. பையின் மூடியில் இப்போதும் ஏழு பொட்டுகள்தான். எட்டாவது பொட்டு இன்னும் அட்டையிலேயே இருக்கிறது.