வயர் இழுத்தது யார்

தேயிலைத் தோட்டத்து லயத்தில், ஒற்றை அறைக் காம்பராவில் பிறந்த நான், நோர்வூட்டுக்கு மேலே பாறையைப் பிளந்து மூன்று அறை வீடு கட்டினேன். ஊற்றிலிருந்து குழாய் போட்டுத் தண்ணீர் கொண்டுவந்தேன். பிறகு சமையலறை சேர்த்தேன். பிற்பகல் வெயில் உள்ளே விழட்டும் என்று மேற்கில் ஜன்னல் வைத்தேன். அந்தச் சமையலறைக்கு வயர் இழுத்துக் கரண்ட் ஓடவைத்தவனும் நானே. படித்தது நாலாம் வகுப்பு.

வீட்டுக்கும் சாமானுக்கும் காப்புறுதி, அதுதான் இன்ஷூரன்ஸ், அதையும் போட்டேன். எங்கள் தோட்டத்தில் முதலில் போட்டவன் நான்தான்.

போன சித்திரையில் பின்னேர மழையோடு இடி இறங்கியது. பிரிட்ஜின் பின்னால் ஒரு வெடி, கருகின வாடை. பிரிட்ஜுக்குள் என் மனைவியின் இன்சுலின் இருந்தது. அவளுக்குப் பல வருசமாகச் சீனி வருத்தம்.

காப்புறுதிக்காரர்கள், ஆள் வந்து பார்க்கும்வரை பிரிட்ஜில் கைவைக்க வேண்டாம் என்றார்கள்.

"என்னங்க, மருந்த கீழ்வீட்டு பிரிட்ஜுல வச்சுக்கட்டா?" என்றாள் மனைவி.

"அடுத்தவன் வீட்டுல போயி நிக்கவா நான் வீடு கட்டுனேன்? இந்த மலைக் குளிரே பிரிட்ஜுதான் புள்ள. ஜன்னல்ல வையி."

"ஆமா, ஒங்க வீம்பையும் சேத்துக் குத்திக்கிறேன்" என்று சொல்லிக்கொண்டே வைத்தாள்.

ஆள் வர ஒரு மாதம் ஆனது. சிங்களவர், தன்மையான மனிதர். பிரிட்ஜ் பழசாகித் தானாக நின்றுபோனால் காப்புறுதி இல்லை, இடியால் போனால் உண்டு என்று விளக்கினார். கருகின இடத்தைப் பார்த்து, இது இடிதான் என்று தலையாட்டினார். பிறகு சுவரிலே ஓடிய வயரைப் பார்த்து, இதை இழுத்தது யார் என்று கேட்டார்.

"மம தமயி!" என்றேன். நான்தான் என்று அர்த்தம். நெஞ்சில் தட்டியும் காட்டினேன்.

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. லைசன்ஸ் உள்ள ஒருவர் வந்து பார்த்திருப்பாரே என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு வழி விடுகிறார் என்பது அப்போது விளங்கவில்லை. இன்னும் சத்தமாகச் சொன்னேன், "மம தமயி!"

அதே நாட்களில் மனைவியின் பாதத்தில் புண் வந்தது. சீனி எங்கேயோ ஏறியிருந்தது. வெயில் பட்டு மருந்து செத்துப்போயிருக்கிறது, வெறும் தண்ணீரைத்தான் குத்தியிருக்கிறீர்கள் என்றார் டாக்டர். முழங்காலுக்குக் கீழே காலை எடுத்துவிட்டார்கள்.

அவள் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே கடிதம் வந்தது. மகள் வாசித்தாள்: தகுதியற்ற ஒருவர் செய்த மின்வேலை, ஆகவே தர முடியாது.

இப்போது அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒங்க வாய்க்கு ஒரு இன்ஷூரன்ஸ் போட்டிருக்கணும்" என்கிறாள். சொல்லிவிட்டு அவளும் சிரிப்பதில்லை.

மகளை உட்காரவைத்துக் காப்புறுதிக்காரர்களுக்குப் பதில் எழுதச் சொல்லியிருக்கிறேன்: எனக்கு உங்கள் பிரிட்ஜ் வேண்டாம். தகுதியற்ற 'ஒருவர்' என்று எழுதினீர்களே, அந்த ஒருவருக்குப் பெயர் இருக்கிறது. அந்த வயரில் இத்தனை வருசம் ஒரு பொறி பறந்ததில்லை. இழுத்தவன் பெயரைப் போடுங்கள். ஜன்னல் வைத்தவனும் அவன்தான், மருந்தை அதில் வைக்கச் சொன்னவனும் அவன்தான். அவள் காலுக்கும் யாரோ ஒருவர் என்று எழுதிவிடாதீர்கள்; அங்கேயும் என் பெயரையே எழுதுங்கள். மம தமயி.